ஆர்ட் ஜர்னல் பின்னணி: அடுக்கு ஏற ஏற நிறம் சகதியாகிறது, வரிசையில் எங்கே கோளாறு?

நீலாம்பரி:

வணக்கம். ஏ5 அளவு, 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம் எடை) ஸ்கெட்ச் புத்தகத்தில் பலவகை வண்ணப் பொருள்கள் சேர்ந்த மிக்ஸ்டு மீடியா பக்கங்கள் செய்கிறேன். பளிச்சென்ற நிறங்கள் ஒன்றின் அடியிலிருந்து ஒன்று எட்டிப் பார்க்கிற பின்னணி வேண்டும். அதன் மேல் எழுதவும் வேண்டும்.

இப்போதைய வரிசை: வெறும் தாளில் மஞ்சள், ஆரஞ்சு அக்ரிலிக்கை நிறையத் தண்ணீர் விட்டுப் பூசுவது. அதன் மேல் சாய வகை இங்க் ஸ்ப்ரேயில் டர்க்காய்ஸ் (பச்சை கலந்த நீலம்). பிறகு ஸ்டென்சில் (உருவம் வெட்டிய தகடு) வழியாக வெள்ளை அக்ரிலிக், ஓரங்களில் ஆயில் பேஸ்டல், கடைசியில் கறுப்புப் பேனா.

ஆரஞ்சின் மேல் டர்க்காய்ஸ் விழுந்த இடமெல்லாம் பழுப்பாகிவிடுகிறது. நன்றாகக் காயவிட்டு அடித்தாலும் அதே பழுப்புதான். வெள்ளை ஸ்டென்சில் உருவங்கள் கொஞ்ச நேரத்தில் இளநீலமாக மாறுகின்றன. தாள் நெளிகிறது. பேனா பாதி வரியில் எழுத மறுக்கிறது. ஜெஸ்ஸோ (தாளில் முதலில் பூசும் வெள்ளை அடித்தளப் பூச்சு) கட்டாயம் வாங்கியாக வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

காகிதக்கூடு:

காயவிட்டும் பழுப்பு வருகிறது என்கிறீர்களே, கோளாறு பாதி அதிலேயே தெரிந்துவிடுகிறது. சகதி இரண்டு வழியில் வரும். ஈரத்தோடு ஈரம் கலந்து வருவது ஒன்று. அதைக் காயவைத்துத் தடுத்துவிடலாம். இன்னொன்று, மேலடுக்கு கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் நிறமாக இருந்தால் வருவது. ஒளி நீலத்தைக் கடந்து, கீழே ஆரஞ்சில் பட்டுத் திரும்பி, மறுபடி நீலத்தைக் கடந்துதான் கண்ணுக்கு வருகிறது. ஆரஞ்சு நீலத்தைத் தின்னும், நீலம் ஆரஞ்சைத் தின்னும், மிச்சம் பழுப்பு. இரண்டு நாள் காயவைத்தாலும் இது மாறாது. வண்ணச் சக்கரத்தில் எதிரெதிரே இருக்கிற எல்லா ஜோடிக்கும் இதே கதிதான்: சிவப்பு பச்சை, மஞ்சள் ஊதா, ஆரஞ்சு நீலம்.

அதனால் நிறம் வாங்கும்போது பெயரைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது அது ஒளி ஊடுருவும் நிறமா, மறைக்கும் நிறமா என்பதைத்தான். நல்ல தரக் குழாய்களில் ஒரு சின்னச் சதுரம் அச்சிட்டிருப்பார்கள். வெற்றுச் சதுரம் என்றால் ஊடுருவும், பாதி நிரம்பியது அரைகுறை, முழுக்க நிரம்பியது மறைக்கும். தாலோ நீலம், தாலோ பச்சை, குவினாக்ரிடோன் மெஜந்தா எல்லாம் ஊடுருவும் வகை. டைட்டானியம் வெள்ளையும் காட்மியம் நிறங்களும் மறைக்கும் வகை. சதுரம் அச்சிடாத குழாயாக இருந்தால் ஒரு அட்டையில் வாட்டர்ப்ரூஃப் மார்க்கரால் தடித்த கறுப்புக் கோடு போட்டு, உங்களிடம் உள்ள ஒவ்வொரு நிறத்தையும் அதன் குறுக்கே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கோட்டை எது மறைக்கிறது, எது மறைக்கவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அந்த அட்டையை ஜர்னலின் பின்னட்டையில் ஒட்டிவையுங்கள். புத்தகம் முடியும்வரை வேலைக்கு ஆகும்.

உங்கள் நிறங்களை ஒட்டியே, ஆரஞ்சுக்குப் பதில் மெஜந்தாவை வைத்து ஒரு வரிசை சொல்கிறேன்.

முதலில் வெள்ளைத் தளத்தில் எலுமிச்சை மஞ்சளும் மெஜந்தாவும். பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டுகளைப் பக்கத்தில் தள்ளித் தள்ளி வைத்து, பழைய ஏடிஎம் கார்டால் ஒரே வீச்சில் இழுங்கள். சந்திக்கிற இடத்தில் தானாக ஆரஞ்சும் பவள நிறமும் வரும். நான்கு இழுப்புக்கு மேல் வேண்டாம். இழுக்க இழுக்கத் தனித்தனி நிறம் போய் ஒரே ஆரஞ்சுப் பலகையாகிவிடும். காயவிடுங்கள்.

அடுத்தது வெள்ளை. இந்த அடுக்கைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். டைட்டானியம் வெள்ளையில் துளி மஞ்சள் கலந்து, ஏறக்குறைய காய்ந்த ஸ்பாஞ்சால் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஒற்றி மறையுங்கள். ஓரம் கலைந்தே இருக்கட்டும். இந்த வெள்ளைத் திட்டுகள்தான் அடுத்து வருகிற குளிர்ந்த நிறத்துக்கு இடம்.

அது காய்ந்த பிறகு டர்க்காய்ஸ். வெள்ளைத் திட்டின் மேல் ஊடுருவும் டர்க்காய்ஸைப் பூசினால் அப்படியே ஒளிரும். ஆரஞ்சைத் தாண்டி நீட்ட வேண்டிய இடத்தில் அதே டர்க்காய்ஸில் வெள்ளை கலந்து மறைக்கும் நிறமாக்கிக்கொண்டு பூசுங்கள், பழுப்பு வராது. ஊடுருவும் டர்க்காய்ஸ் மஞ்சளின் மேல் விழுந்தால் பச்சை, மெஜந்தாவின் மேல் விழுந்தால் ஊதா. இரண்டுமே நல்ல நிறங்கள்தான், பயப்பட வேண்டாம். ஆரஞ்சை மட்டும் தவிருங்கள்.

கருநிறம் கடைசிக்கு முன்னால், பக்கத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக. கறுப்புக்குப் பதில் கருநீலம் போட்டால் மற்ற நிறங்கள் செத்துப்போகாது. கருநிறத்தின் மேல் வெள்ளை போடுவதானால் கெட்டியாகப் போடுங்கள். மெலிந்த வெள்ளை அங்கே நீலச் சாம்பலாகத்தான் தெரியும்.

மெலிதாக வேண்டும் என்பதற்காகத் தண்ணீரை ஊற்றாதீர்கள். நிறத் துகள்களைப் பிடித்துவைக்கிற பிசின் நீர்த்துப்போனால், காய்ந்த பின் விரலில் ஒட்டிக்கொண்டு வரலாம். ஒரு பங்கு நிறத்துக்கு 5 முதல் 8 பங்கு மேட் மீடியம் (நிறமில்லாத, பளபளக்காத அக்ரிலிக் பிசின்) கலந்தால் அதே மெலிவு கிடைக்கும், படலமும் உறுதியாக இருக்கும்.

மைத்தூவி:

வெள்ளை நீலமாவதற்குக் காரணம் நிறக் கலவை இல்லை தோழி, உங்கள் ஸ்ப்ரேதான். சாய இங்க் காய்ந்தாலும் தண்ணீர் பட்டதும் மறுபடி கரையும். அக்ரிலிக்கில் தண்ணீர் இருக்கிறது. வெள்ளையைப் பூசிய நொடியே கீழிருக்கும் சாயம் அதில் ஏற ஆரம்பித்துவிடும். எத்தனை கோட் வெள்ளை போட்டாலும் ஏறிக்கொண்டே இருக்கும்.

எந்தப் பொருளானாலும் ஒரு சின்னச் சோதனை: காய்ந்த பிறகு ஈரமான காது பட்ஸால் ஓரத்தில் தேயுங்கள். பஞ்சில் நிறம் வந்தால் அது கரையும் வகை. வாட்டர்கலர், குவாஷ், ஸ்கெட்ச் பேனா, பவுண்டன் பேனா மை, நீரில் கரையும் கிரேயான், உங்கள் சாய ஸ்ப்ரே எல்லாம் இந்தக் கட்சி. அக்ரிலிக், அக்ரிலிக் இங்க், ஷெல்லாக் (அரக்கு) கலந்த வாட்டர்ப்ரூஃப் டிராயிங் இங்க் காய்ந்தால் கரையாது. கரன் டாஷ் நிறுவனத்தின் நியோகலர் கிரேயான் வாங்குகிறவர்கள் பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்: நியோகலர் 1 நீரில் கரையாத மெழுகு, நியோகலர் 2 கரையும். இரண்டையும் மாற்றி வாங்கிவிட்டு இங்கே வந்து கேட்பவர்கள் நிறைய.

கரையும் சாயத்தைச் சமாளிக்க மூன்று வழி உண்டு. எளிதானது, சாய ஸ்ப்ரேயை விட்டுவிட்டு அக்ரிலிக் இங்க்கைத் தண்ணீரில் ஒன்றுக்கு ஒன்று கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொள்வது. வேலை முடிந்ததும் வெறும் தண்ணீர் நிரப்பி நான்கைந்து முறை அடித்துவிட வேண்டும். விட்டால் மூக்கு அடைத்துக்கொள்ளும், பிறகு பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இரண்டாவது, சாயத்தின் மேல் கரைப்பான் வகைத் தெளிவு வார்னிஷ் ஸ்ப்ரேயை 25 முதல் 30 செ.மீ. தள்ளி நின்று மெலிதாக இரண்டு மூன்று முறை, நடுவில் காயவிட்டு அடிப்பது. மொட்டை மாடியிலோ திறந்த பால்கனியிலோ மட்டும் செய்யுங்கள். தூரிகையால் மீடியம் பூசிச் சாயத்தை மூடப் பார்த்தால் அந்தத் தூரிகையே எல்லாவற்றையும் இழுத்துவிடும். மூன்றாவது, ஏறுவதையே பயன்படுத்துவது. டர்க்காய்ஸ் சாயத்தின் மேல் வெள்ளையைப் போட்டு, ஏறட்டும் என்று விட்டுவிட்டால் கிடைக்கிற இளநீலத்தைத் தட்டில் கலந்து கொண்டுவருவது கஷ்டம். ஆனால் சுத்த வெள்ளை அந்தப் பக்கத்தில் கிடைக்காது என்று தெரிந்தே செய்ய வேண்டும்.

சாயத்தில் இன்னொரு வசதி: ஸ்டென்சிலை மேலே வைத்து ஈரத் துடைப்பானால் அழுத்தித் துடைத்தால் அந்த உருவம் மட்டும் வெளுத்து வரும். அக்ரிலிக்கில் இதைச் செய்ய வேண்டுமானால் முழுக்கக் காய்வதற்குள், ஓரிரு நிமிடத்தில் முடிக்க வேண்டும்.

பேனா நிற்பதற்குக் காரணம் அநேகமாக அந்த ஆயில் பேஸ்டல்தான். மெழுகோ எண்ணெயோ பட்ட இடத்தில் நீர் சார்ந்த எந்த மையும் பிடிக்காது. மெழுகு முனையில் புகுந்து அடைத்தும் விடும். ஆயில் பேஸ்டலை எழுதி முடித்த பிறகு ஓரங்களில் வையுங்கள். அக்ரிலிக் படலத்தின் மேல் எழுத போஸ்கா மாதிரி நீர் சார்ந்த பெயிண்ட் பேனா நன்றாகப் போகும். ஆல்கஹால் மார்க்கர் வேண்டாம். ஆல்கஹால் அக்ரிலிக்கை இளக்கும், இளகியது முனையில் ஏறும், பேனா போச்சு.

பழந்தூரிகை:

ஜெஸ்ஸோ கேள்விக்கு வருகிறேன். மேலே இருவரும் சொன்ன எதுவும் உறிஞ்சும் தாளில் சரியாக வராது. 160 ஜிஎஸ்எம் ஸ்கெட்ச் தாள் நிறத்தை உள்ளே குடித்துவிடும். கார்டால் இழுத்தால் பாதி வழியிலேயே வறண்டுவிடும். ஜெஸ்ஸோ என்பது அக்ரிலிக் பிசின், டைட்டானியம் வெள்ளை, சாக் பவுடர் (கால்சியம் கார்பனேட்) சேர்ந்தது. பிசின் தாளை ஓரளவு அடைக்கிறது, சாக் பவுடர் மேலே நுண்ணிய சொரசொரப்பைத் தருகிறது. வெறும் வெள்ளை அக்ரிலிக் பூசினால் அடைப்பு கிடைக்கும், சொரசொரப்பு கிடைக்காது; அடுத்த அடுக்கு வழுக்கும்.

வாங்குங்கள், ஆனால் குறைவாகப் பூசுங்கள். ஏ5 பக்கத்துக்கு அரை டீஸ்பூன் போதும். நடுவில் வைத்து, கார்டால் நாலாபக்கமும் சுரண்டி இழுங்கள். தாளின் இழை லேசாகத் தெரிய வேண்டும். தூரிகையில் தடித்துப் பூசினால் கோடு கோடாக நிற்கும், பக்கம் மடங்கும்போது மடிப்பில் விரியும், பேனா முனையை அரம் மாதிரி தேய்த்துவிடும். எழுத வேண்டிய பக்கத்தில் காய்ந்த ஜெஸ்ஸோவை 400 எண் உப்புத்தாளால் ஒருமுறை லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிடுங்கள்.

பசையையும் சாக் பவுடரையும் கலந்து வீட்டிலேயே ஜெஸ்ஸோ செய்யும் குறிப்புகள் இணையம் முழுக்க இருக்கின்றன. அட்டையில் செய்யுங்கள், புத்தகத்தில் வேண்டாம். பக்கம் வளையும்போது அது வெடிக்கும். ஃபெவிகால் வகை வெள்ளைப் பசை ஈரம் அதிகமானால் மறுபடி இளகவும் செய்யும்.

தாள் நெளிவது ஏனென்றால், ஈரம்பட்ட பக்கத்தின் இழைகள் விரிகின்றன, மறுபக்கம் விரியவில்லை. பக்கத்தின் பின்புறத்திலும் அதே அளவு மெலிதாக ஜெஸ்ஸோ பூசினால் இழுவை சமமாகும். இன்னும் உறுதி வேண்டுமானால் அடுத்தடுத்த இரண்டு தாளைச் சேர்த்து ஒட்டி ஒன்றாக்குங்கள். பசையை கார்டால் மெலிதாக, மூலைவரை இழுத்துப் பூசி, நடுவிலிருந்து வெளிநோக்கித் தேய்த்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு. ஓரத்தில் பசை குறைந்தால் அங்கே வாய் பிளக்கும். அடுத்த புத்தகம் வாங்கும்போது 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளாகப் பாருங்கள். இந்த ஒட்டு வேலையே வேண்டாம்.

ஹீட் கன்னில் அவசரமாகக் காயவைக்கிறவர்களுக்கு: நான் அதன் கட்சி இல்லை. கிட்டே கொண்டுபோனால் மேல்தோல் மட்டும் காய்ந்து, அடியில் மாட்டிய நீராவி குமிழியாக எழும்பும். ஹேர் டிரையர் போதும்.

மைத்தூவி:

குமிழி வருவது தடித்துப் பூசிய இடத்தில்தான். மெலிந்த அடுக்குக்கு ஹீட் கன்னை 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காட்டினால் ஒன்றும் ஆகாது. டெக்ஸ்சர் பேஸ்ட் (புடைப்பு தரும் கெட்டிப் பசை) மேல் காட்டக் கூடாது, அதில் நீங்கள் சொல்வது சரி.

நீலாம்பரி:

மிக்க நன்றி. கறுப்புக் கோட்டுச் சோதனை செய்தேன், என் ஆரஞ்சு, டர்க்காய்ஸ் இரண்டுமே ஊடுருவும் வகை. மேலும் மூன்று கேள்விகள். ஸ்டென்சிலில் அடியில் கசிவதை எப்படி நிறுத்துவது? அச்சுத் தாள்களை எந்த அடுக்கில் ஒட்டலாம், எந்தத் தாள் ஆகாது? முடிந்த பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, அதற்கு என்ன வழி? சென்னை வெயில்தான் காரணமா?

துண்டுச்சீட்டு:

முதல் இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன் சகோ.

கசிவுக்குக் காரணம் ஸ்பாஞ்சில் உள்ள ஈரம். ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து எடுக்காதீர்கள், காய்ந்ததையே எடுங்கள். நிறத்தைத் தொட்டு, முதலில் ரஃப் தாளில் பத்துப் பதினைந்து முறை ஒற்றி, ஏறக்குறைய ஒன்றும் வராத நிலையில் ஸ்டென்சிலுக்கு வாருங்கள். நேர் செங்குத்தாக ஒற்ற வேண்டும், பக்கவாட்டில் தேய்த்தால் ஓரத்துக்கு அடியில் புகும். அழுத்தமாக வேண்டுமானால் இதே மாதிரி இரண்டாம் சுற்று. ஸ்டென்சிலைப் பக்கம் முழுக்க ஒரே அழுத்தத்தில் அடிக்காமல் அங்கங்கே அரைகுறையாக விட்டால்தான் அடுக்கு மாதிரித் தெரியும். முழுக்க அடித்தால் சுவரில் ஒட்டும் வால்பேப்பர் மாதிரி ஆகிவிடும்.

கடையில் ஸ்டென்சில் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. துளையிட்ட பிளாஸ்டிக் கோல அச்சு புள்ளி உருவங்களுக்கு அருமையானது. துளை சின்னது என்பதால் நீர்த்த நிறம் அடைக்கும், கெட்டி நிறத்தை மட்டும் ஒற்றுங்கள், உடனே கழுவுங்கள். பபுள் ராப், மேல்தாள் உரித்த நெளி அட்டை, பாட்டில் மூடி, துணிக்கு அச்சடிக்கும் மரக்கட்டை எல்லாம் வேலை செய்யும். மருதாணி கோனில் டெக்ஸ்சர் பேஸ்ட் நிரப்பிப் புடைப்புக் கோடு போடலாம். ஆனால் 1 மி.மீ. உயரத்தைத் தாண்ட வேண்டாம், நடுமடிப்பிலிருந்து 2 செ.மீ. தள்ளியே போடுங்கள். மடிப்பில் போட்டால் முதல் முறை மூடும்போதே வெடிக்கும்.

தாள் ஒட்டுவது இரண்டு இடத்தில் பொருந்தும். ஜெஸ்ஸோவுக்கு முன்பே ஒட்டினால் மேலே ஜெஸ்ஸோவை அங்கங்கே சுரண்டிப் பூசி, எழுத்து அரைகுறையாகத் தெரிய விடலாம். எனக்குப் பிடித்தது இதுதான். பக்கத்துக்கு உடனே ஆழம் வந்துவிடும். நடுவில் ஒட்டுவதானால் முதல் நிற அடுக்குக்குப் பிறகு, வெள்ளைக்கு முன். எங்கே ஒட்டினாலும் பக்கத்தில் கால் பங்குக்கு மேல் போகாதீர்கள்.

மேட் ஜெல் மீடியத்தை (மீடியத்தின் கெட்டியான வகை) தாளின் அடியிலும் பூசி, ஒட்டிய பின் மேலேயும் பூசுங்கள். தடித்த தாள் என்றால் முதலில் லேசாகத் தண்ணீர் தெளித்து ஒரு நிமிடம் விரிய விட்டு ஒட்டினால் சுருக்கம் குறையும். டிஷ்யூ நாப்கினில் அச்சிட்ட மேல் ஏட்டை மட்டும் பிரித்தெடுங்கள். வெள்ளை ஏடு சேர்ந்திருந்தால் பாதி ஒட்டும், பாதி உரியும். கையால் கிழித்த ஓரம் வெட்டிய ஓரத்தைவிடப் பின்னணியோடு நன்றாகக் கலந்துபோகும். பத்திரிகைத் தாளை ஒரு பக்கமாகக் கிழித்தால் வெள்ளை ஓரம் கிடைக்கும், எதிர்ப்பக்கமாகக் கிழித்தால் கிடைக்காது. எது வேண்டுமோ அப்படிக் கிழியுங்கள்.

எது ஆகாது: கடை பில், பேருந்தில் மெஷினில் அடித்துத் தரும் டிக்கெட். அவை வெப்பத் தாள். ஹேர் டிரையர் காட்டினால் கறுத்துப்போகும், இல்லாவிட்டாலும் நாளடைவில் எழுத்து அழிந்துவிடும். வேண்டுமானால் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். ஜெராக்ஸின் டோனர் (தூள்) அச்சு கரையாது. இங்க்ஜெட் அச்சு பெரும்பாலும் கரையும், பட்ஸ் சோதனை செய்துவிட்டு ஒட்டுங்கள். செய்தித்தாளும் தினசரி காலண்டர் தாளும் காலப்போக்கில் மஞ்சளாகும். மஞ்சள், ஆரஞ்சுப் பக்கத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. நீலப் பக்கத்தில் அழுக்காகத் தெரியும்.

பழந்தூரிகை:

பக்கம் ஒட்டுவதில் வெயிலுக்கும் பங்கு உண்டு. அக்ரிலிக் படலம் ஒருவகைப் பிளாஸ்டிக். சூட்டில் இளகும், இரண்டு படலங்கள் அழுந்திக் கிடந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பளபளப்பான மீடியம் பூசிய பக்கம் அதிகம் பிடிக்கும். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தும் உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் இன்னும் மோசம், மழைக்காலத்தில் இதுதான் நடக்கும்.

ஒரு நாளாவது புத்தகத்தைத் திறந்தே வையுங்கள். கடைசிப் பூச்சு மேட் மீடியமாக இருக்கட்டும். எழுத்தெல்லாம் முடிந்த பிறகு நிறமற்ற மெழுகு பாலிஷை மென்துணியில் துளி எடுத்துத் தேய்த்து மெருகேற்றினாலும் ஒட்டாது; அதன் பின் அந்தப் பக்கத்தில் வேறு எதுவும் பிடிக்காது என்பதால் அதுவே கடைசி வேலை. பக்கங்களுக்கு நடுவே கேக் சுடப் பயன்படும் சிலிகான் பூசிய பேக்கிங் பேப்பரை வையுங்கள். டிரேசிங்குக்கு விற்கும் பட்டர் பேப்பரும் கிளாசின் என்னும் வழவழப்பான மெல்லிய தாளும் அக்ரிலிக்கோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். புத்தகத்தின் நான்கு தாளுக்கு ஒன்றைத் தையல் ஓரத்தில் 1 செ.மீ. விட்டு வெட்டி எடுத்துவிட்டால் புத்தகம் உப்பாது, அழுத்தமும் குறையும். அலமாரியில் நிற்க வையுங்கள்; மேலே எதையும் அடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே ஒட்டிய பக்கத்தை இழுத்துப் பிரிக்காதீர்கள். புத்தகத்தைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்தால் படலம் இறுகும். வெளியே எடுத்தவுடன், குளிர் இறங்குவதற்குள், ஓரத்திலிருந்து மெல்லிய தட்டையான கத்தியை நுழைத்துத் தள்ளிக்கொண்டே போங்கள். குளிர்ந்த படலம் வளைத்தால் விரிசல் விடும், அதனால் பக்கத்தை மடக்காமல் பிரிக்க வேண்டும். உரிந்துபோன இடத்தில் ஜெஸ்ஸோவைத் தொட்டுவைத்து மேலே ஒரு துண்டு டிஷ்யூ ஒட்டிவிடலாம்.

நீலாம்பரி:

ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். பேஸ்டல் பூசிய பக்கத்தில் எழுத வேறு வழியே இல்லையா?

மைத்தூவி:

இருக்கிறது. பேஸ்டலைப் பழைய கார்டால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். மிச்ச எண்ணெய் இருக்கும் இடத்தில் நேராக எழுத வேண்டாம். வேறொரு தாளில் எழுதி, கிழித்து, பேஸ்டல் படாத இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளுங்கள்.